நல்ல நேரத்து மெயில்

"தம்பி ரகுநாத், இன்னைக்கும் மெயில் போகலை. கம்ப்யூட்டர் படிச்சவன்னு இனிமே வெளியில சொல்லிக்காத!"

பொன்னமராவதியில் திருமணத் தகவல் மையம் நடத்தும் பரிமளா போனிலேயே பொரிந்து தள்ளினாள். ரகுநாத் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

மையத்துக்கான ஆப்பை அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான். எல்லாம் ஒழுங்காக ஓடியது. மெயில் மட்டும் வெளியே போகாமல் மக்கர் செய்தது. எட்டு நாளாக மாலையில் வந்து சரிசெய்வான். சோதனை மெயிலும் போகும். மறுநாள் காலை, காலண்டரில் நல்ல நேரம் பார்த்து பரிமளா ஜாதகம் அனுப்ப உட்கார்ந்தால், 'பாஸ்வேர்டு தவறு' என்று நிற்கும். நேரம் தப்பினால் அவள் எதையும் அனுப்ப மாட்டாள்.

அவனுக்கோ தவிப்பு. கந்தர்வக்கோட்டை தேவிப்ரியா வீட்டுக்குப் போகவேண்டிய அவனுடைய ஜாதகமும் அதில்தான் கிடந்தது.

"நானே நேர்ல கொண்டுபோய்க் குடுத்துரவாக்கா?" மையத்துக்குள் நுழைந்ததுமே கேட்டான்.

"மாப்பிள்ளையே ஜாதகத்தத் தூக்கிட்டுப் போவானா? ஊரு சிரிக்கும். அவங்களுக்கு வேற ரெண்டு வரன் வந்திருக்கு, சீக்கிரம் பாரு."

"பாஸ்வேர்டை யாராச்சும் தொட்டீங்களா?"

"எனக்கு மவுஸைப் புடிச்சாலே கை நடுங்குது. என்னையவா சந்தேகப்படுற? எங்க சித்தி மகனா இருந்தா அஞ்சு நிமிசத்துல முடிச்சிருப்பான்."

"அவருகிட்டயும் கேட்டுப் பாப்போம்க்கா. அதுவரைக்கும் நானே பாக்குறேன்" என்று சிரித்தபடியே பாஸ்வேர்டை மறுபடி அடித்தான்.

மணி ஒன்பதரை. நல்ல நேரம் இன்னும் முடியவில்லை. "நகரு, என் கைராசிதான் வேணும்" என்று பரிமளா உட்கார்ந்து அனுப்பினாள். போய்விட்டது! டீ போட உள்ளே எழுந்து போனாள்.

ரகுநாத் நம்பமுடியாமல், போன மெயில்களின் பட்டியலைத் திறந்தான். தேவிப்ரியாவின் அப்பா குணசேகரனுக்கு ஒன்றல்ல, இரண்டு போயிருந்தன. ஒன்று அவனுடைய ஜாதகம். இன்னொன்றைத் தட்டினான்.

"அய்யா, ஜாதகம் வாங்குறதுக்கு முன்ன பையனோட கோவத்தை விசாரிக்கச் சொன்னீங்க. எட்டு நாளா ராத்திரி நானே பாஸ்வேர்டுல ஒரு எழுத்தை அழிச்சு வச்சு, காலையில வாய்க்கு வந்தபடி திட்டியும் பாத்துட்டேன். தைரியமா பொண்ணு குடுக்கலாம்."