எல்லா மாடியிலும் ஆட்கள்

ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுத்த சாஃப்ட்வேர் கம்பெனி அது. இப்போது மிஞ்சியிருந்தவர்கள் ஒரு மாடியை நிரப்பத்தான் காணும். அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்க வேறொரு பெரிய கம்பெனியின் ஆட்கள் பார்வையிட வந்திருந்தார்கள். வாங்கினால் தமயந்திக்கு வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி. அதனால், வந்தவர்கள் ஒரு மாடியைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்கும் நேரத்தில், எல்லோரும் சரக்கு லிஃப்டில் அடுத்த மாடிக்குப் போய், காலி நாற்காலிகளில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டினார்கள்.

"மூச்சு வாங்காதீங்கக்கா, பஸ்ஸைத் துரத்திட்டு வந்த மாதிரி இருக்கு" என்றான் பக்கத்து நாற்காலி ஆல்பர்ட்.

"நீ முதல்ல மானிட்டரை ஆன் பண்ணுடா!"

நான்காவது மாடியில், வந்தவர்களில் ஒருத்தி மட்டும் பின்தங்கி, தமயந்தியின் மேஜையருகே நின்றாள்.

"கீழ் மாடியிலயும் உங்களைப் பார்த்தேனே?"

தமயந்தியின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் துப்பட்டாவை எடுத்து தமயந்தியின் மடியில் வைத்தாள்.

"அடுத்த மாடியில இதைப் போட்டுக்கோங்க. எங்க ஆபீஸைப் பார்க்க யாராவது வந்தா, நாங்களும் மாடிக்கு மாடி துப்பட்டாவை மாத்திக்குவோம்."