பத்தொன்பது கோல் துரோகி

"துரோகிப் பய! சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறானா அவன்?"

ஒலுக்கா போட்ட சத்தத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் திடுக்கிட்டான். சொரோட்டி ஊரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி சலூன் வைத்திருப்பவர் ஒலுக்கா. அவருக்குக் கோபம் வந்தால் மிஷின் தலையிலேயே நின்றுவிடும், வாய்தான் ஓடும்.

"யாரை அண்ணே திட்டறீங்க?"

இவன் பைக் டாக்சி ஓட்டுகிறவன். மாசம் ஒரு தடவை வருவான், பேர்கூட ஒலுக்கா கேட்டதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவான்.

"யாரையா? காலையில ரேடியோ கேக்கல? நம்ம ரோவர்ஸ் ஃபுட்பால் டீம் ஒமோடிங்! தலைநகர்லேருந்து கம்பாலா கிளப்புக்காரன் கூப்பிட்டானாம், இவன் வாலை ஆட்டிக்கிட்டுக் கிளம்பிட்டானாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கான்ட்ராக்ட்ல கையெழுத்து!"

"போட்டுட்டானாமா?"

"போடாம பூஜையா பண்ணுவான்? போன வருஷம் கப் அடிச்சோம். ஊரே ஆடுச்சு. ஆடி முடிக்கறதுக்குள்ள கம்பாலாக்காரன் சந்தைக்கு வந்த மாதிரி வந்தான். கோல்கீப்பரைத் தூக்கினான். பின்னாடி நின்ன ரெண்டு பேரைத் தூக்கினான். கால் அமுக்கி விடற ஆளைக்கூட விட்டு வைக்கலை! தூக்கிட்டுப் போய் என்ன பண்ணினான்? பெஞ்சில உக்கார வெச்சான். அவனுக்கு ஆள் வேணும்னு இல்ல தம்பி. நமக்கு ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்!"

"அது நெஜம்தான் அண்ணே."

"மிச்சம் இருந்தது இவன் ஒருத்தன். இந்த வருஷம் பத்தொன்பது கோல்! இவனும் போயிட்டா டீம் அவ்வளவுதான். அடுத்த வருஷம் கீழ் டிவிஷன்ல, மாடு மேயற கட்டாந்தரையில ஆட வேண்டியதுதான்."

கோபம் பொய்யில்லை.

"நீங்க மேட்ச் பாக்க வருவீங்களா அண்ணே?"

"எங்கப்பா வர்றது? சனிக்கிழமை சாயங்காலம் இங்க கூட்டம் பிதுங்கும். இங்கிலாந்து மேட்ச் போடறேன்ல?" சுவரில் பெரிய டி.வி. அதைச் சுற்றி இங்கிலாந்து ஆட்டக்காரர்களின் படங்கள், அங்குலம் இடமில்லாமல். "அங்க பெஞ்சில உக்காந்திருக்கறவன் பொண்டாட்டி பேரு வரைக்கும் சொல்லுவேன், கேளு. ஆனா மனசு பூரா நம்ம ரோவர்ஸ்தான். ஸ்கோரைக் கேட்டுக்காம நான் தூங்க மாட்டேன்."

"கடைசி மேட்சுக்கு மொத்தமே அறுபது பேர்தான் அண்ணே வந்தாங்க. பந்து வெளிய போனா எடுத்துப் போட ஆள் இல்லை. ஆடறவனே ஓடிப் போய் எடுத்துட்டு வந்தான்."

ஒலுக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்லை. ஒருத்தன் நம்ம ஊர்லயே இருக்கணும்னா, நாலு பேரு வந்து பாக்கணும்ல? காலி மைதானத்துல எத்தனை நாளைக்கு ஆடுவான்?"

"ஓஹோ! வக்காலத்தா? அந்த ஓடுகாலிக்கு நீ வக்கீலா?" ஒலுக்கா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய அட்டையை இழுத்தார். சிவப்பு பெயிண்ட் இன்னும் காயவில்லை. 'துரோகி ஒமோடிங், ஒழிந்து போ!' "பாத்தியா? மைதானத்து கேட்டுல கட்டப் போறேன். அவன் மட்டும் என் கண்ணுல படட்டும், மூஞ்சியிலயே காறித் துப்பறேன்!"

அவன் கழுத்தைத் திருப்பி அந்த எழுத்துகளைப் படித்தான்.

"பத்தொன்பது கோல் அடிச்சவன் மூஞ்சியிலயா அண்ணே?"

"எந்திரிடா!" கழுத்துத் துணியை வெடுக்கென்று உருவினார். "துரோகிக்குப் பரிஞ்சு பேசறவன் தலையை என் கை தொடாது!"

"பாதிதான் ஆச்சு அண்ணே."

"மீதியைக் கம்பாலாவுல போய் வெட்டிக்கோ!"

அவன் எழுந்தான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய், பைக்கைத் தொடாமல் ரோட்டைக் கடந்தான். ஒலுக்கா வாசல்வரை வந்து, அவன் போகிற திசையைப் பார்த்து இன்னும் நாலு வார்த்தை திட்டித் தீர்த்தார். அப்புறம்தான் மூச்சு சீரானது.

தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது ரோவர்ஸ் கோச் எங்கோலா ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க கோச். போயிட்டான்ல உங்க ஒமோடிங்?"

"எவன் சொன்னான்? ரேடியோக்காரன் உளறல்! காலையில என் கண்ணு முன்னாலயே கம்பாலாக்காரன் குடுத்த காகிதத்தை ரெண்டா கிழிச்சுப் போட்டான்யா. 'இது என் ஊரு கோச், இன்னும் ஒரு வருஷம் பாப்போம்'னான். நான் அழுதே போயிட்டேன்."

ஒலுக்கா அட்டையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார். "அட தங்கமே! அவனை நான் பாக்கணுமே! தோள்ல தூக்கி ஊர்வலம் போகணுமே!"

"பாக்கணுமா? ரெண்டு வருஷமா உங்கிட்டதானே முடி வெட்டிக்கறான்? டீம் போட்டோ எடுக்கணும், ஒலுக்கா அண்ணன்கிட்ட வெட்டிக்கிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தான். இதோ, அவன் டாக்சி பைக்கு வாசல்லயே நிக்குதே!"

ஒலுக்காவின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது.

"கம்பாலா ஆளு இன்னும் ஊரை விட்டுப் போகலய்யா. எதிர் ஹோட்டல்ல புதுக் காகிதத்தை வெச்சுக்கிட்டு அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருக்கானாம். பையனை அந்தப் பக்கம் விட்டுடக் கூடாதுன்னுதான் ஓடி வந்தேன். எங்க அவன்?"

ஒலுக்கா ரோட்டுக்கு எதிர்ப் பக்கம், ஹோட்டல் வாசலை நோக்கிக் கையை நீட்டினார்.