சுக்கானில் மன்சூர் அலி

"போர்ட் டென்," என்றார் அனந்த்.

"போர்ட் டென்," என்று திருப்பிச் சொன்னார் சுக்கானைப் பிடித்திருந்த மன்சூர் அலி. கப்பலின் மூக்கு மெல்ல இடப்பக்கம் திரும்பியது.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சுக்கானைத் தொட வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. கடலில் அதுதான் முறை. அனந்தின் மாட்டுங்கா வீட்டில் அவர் பேச்சுக்கு இந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை.

அனந்த் துறைமுகத்துப் பைலட். வெளியிலிருந்து வரும் கப்பலில் ஏறி, அதை மும்பைத் துறைமுகத்துக்குள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பிழைப்பு. இன்று அந்தப் பிழைப்பே அவருக்குக் கசந்தது.

கரையில் படகு ஏறும்போது ஹனீப் போன் செய்திருந்தான். கஸ்டம்ஸ் கிடங்கில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்டின் ஆள். அனந்துக்குப் பழைய பழக்கம். மன்சூர் அலியின் மச்சான்.

மன்சூர் அலியின் ஒரே மகள் ஷைஸ்தா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, காய்ச்சலில் கிடந்து இன்று விடியும்போது தாராவியில் இறந்துபோனாள். கப்பல் உள்ளே வரும் நேரத்தில் மாலுமிகள் போனைத் தொடக் கூடாது என்பதால் ஹனீப் கூப்பிட்டதை மன்சூர் அலி எடுக்கவில்லை.

"நீங்கதான் சார் பக்குவமாச் சொல்லணும்," என்று ஹனீப் அழுதான்.

கயிற்றேணி முடியும் இடத்தில் கை கொடுத்து மேலே தூக்கிவிட்ட ஆளே மன்சூர் அலியாக இருந்தார். சட்டையில் பெயர் தைத்திருந்தது. வந்திருப்பவர் தமிழ் என்று தெரிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தண்ணி வத்துறதுக்குள்ள கேட்டத் தாண்டிருவோம்லா சார்? புள்ள காத்துக் கெடக்கா."

 அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 

காரணம் அந்தக் கேட், துறைமுகத்துக்குள் கப்பல் நுழைகிற கதவு. வெள்ளைக்காரன் தன் காலத்துக் கப்பலுக்கு அளவெடுத்துக் கட்டியது. அவன் போன பிறகு கப்பல்கள் பருத்துவிட்டன, கதவு அப்படியே இருக்கிறது. கல்யாணத்து மோதிரத்தை இருபது வருஷம் கழித்து விரலில் ஏற்றுகிற கதைதான் ஒவ்வொரு தடவையும். கடல் ஏறி நிற்கும் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அதற்குள் நுழையாவிட்டால் அடுத்த ஏற்றம் வரை வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டும்.

பிள்ளை போன செய்தியைக் கேட்ட கை சுக்கானில் நிற்குமா? ஒரு கணம் பிசகினாலும் இரண்டு பக்கமும் கருங்கல் சுவர்.

அதனால் கதவைத் தாண்டிய பிறகு சொல்வது என்று அனந்த் முடிவு செய்துகொண்டார். மகளைப் பார்க்கிற ஆசையில் நிற்கும் மனிதனையே வேலை வாங்குவது பாவம் என்று பட்டது. பாவம்தான், வேறு வழி தெரியவில்லை.

"மிட்ஷிப்ஸ்."

"மிட்ஷிப்ஸ்." சுக்கான் நடுவுக்கு வந்தது.

சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கிவந்தன. அனந்த் கடலைப் பார்த்த நேரத்தைவிட மன்சூர் அலியின் கைகளைப் பார்த்த நேரம் அதிகம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிதானமான கையை அவர் பார்த்ததில்லை. பாவி மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் கை இப்படி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு கீறல் விழாமல் கப்பல் உள்ளே நுழைந்தது. பின்னால் கதவு மூடியது.

கரையில் கயிறு கட்டியானதும் அனந்த் அவரைத் தளத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். தோளைப் பிடித்தார்.

"மன்சூர், உங்க பொண்ணு..."

"தெரியும் சார்," என்றார் மன்சூர் அலி. "காலைலயே வீட்ல போன்ல சொல்லிட்டாவ. கேப்டன்ட்ட சொன்னா சுக்கான்ல நிக்க விடமாட்டாரு. இன்னொரு பய புதுசு, அவன நம்பி இந்தக் கேட்டுக்குள்ள வரவும் மாட்டாரு. வெளியில கெடந்தா ராத்திரி ஆயிரும். சாயங்காலம் அஸர் தொழுக வரைக்கும் புள்ளய வச்சிருக்கோம்னு சொன்னாவ. மொகத்தப் பாக்கணும்லா சார்."

அவர் தோளில் இருந்த கையை அனந்த் எடுத்துக்கொண்டார். 

 ஹனீப் போனை வைப்பதற்கு முன் அனந்திடம் இன்னொன்றும் சொல்லியிருந்தான். கப்பல் வரும் நேரத்தை நம்பி மையித்தை, பிள்ளையின் உடலை, போட்டு வைக்க முடியாது என்று பள்ளிவாசல் ஜமாஅத்தில் முடிவாகிவிட்டது. பகல் தொழுகை முடிந்த கையோடு ஷைஸ்தாவை அடக்கம் செய்துவிட்டார்கள்.

மன்சூர் அலி கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். கஸ்டம்ஸ் கிடங்கின் வாசலில், ஒரு டாக்ஸியின் பக்கத்தில், ஹனீப் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான்.

"மச்சான் வண்டியோட வந்துட்டாரு சார்," என்றார் மன்சூர் அலி. "இனி பிந்தாது."