தட்டில் ஒட்டிய படம்

எழுந்ததும் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைப்பேன். பிறகு கை கழுவுவேன். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும். துடைத்துவிட்டு இன்னொரு தடவை கழுவுவேன். அதன் பிறகுதான் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவேன்.

இன்றும் அப்படித்தான்.

வெளியே சாரல். குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போயின.

பால் புகட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் சொக்கம்மாள் வந்தார். கூடவே நிவேதா, என் மனைவியின் தங்கை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள்.

“சித்ரா தட்டு சும்மாதான கெடக்கு மாப்ளே. இவ சுத்தட்டும். காலேஜுக்கு அனுப்ப என்கிட்ட என்ன இருக்கு?”

பீடித்தட்டு. என் மனைவி ஜெயசித்ரா பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அதை மடியில் வைத்துத்தான் பீடி சுற்றினாள். புகையிலைத் தூள் அவள் சேலையில், முடியில், சாப்பிடுகிற சோற்றில்.

நுரையீரல் போய்விட்டது என்றார்கள். பீடி குடிப்பீர்களா என்று டாக்டர் அவளிடம் கேட்டார். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்கவில்லை.

எனக்குத் தென்காசியில் ஒரு பீடிக் கம்பெனியில் வேலை. வேதியியல் படித்தவன். பீடிக் கட்டின் மேல் எச்சரிக்கைப் படம் சட்டம் சொன்ன அளவில் இருக்கிறதா, எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் படம்.

கட்டுக்கு விதி இருக்கிறது. தட்டுக்கு இல்லை.

“வேண்டாம் அத்தை,” என்றேன்.

அவர் கேட்கவில்லை. பரணிலிருந்து தானே இறக்கினார்.

தட்டின் நடுவில் அந்த எச்சரிக்கைப் படம் ஒன்றை நான் ஒட்டிவைத்திருந்தேன். புகையிலையைப் பயன்படுத்துகிறவர்கள் இளம் வயதில் இறக்கிறார்கள் என்று அதன் கீழே எழுத்து.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நகத்தால் சுரண்டினார்.

“இது குடிக்கவங்களுக்குப் போட்டதுல்லா மாப்ளே. சுத்துதவளுக்கு என்ன?”

கம்பெனிப் பசை. பாதிதான் உரிந்தது. மீதியோடு தட்டை நிவேதாவிடம் கொடுத்தார். மூலையில் அக்காவின் தூள் இன்னும் இருந்தது. நிவேதா அதை விரலால் தட்டிவிட்டு, தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

போகுமுன் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாள்.

நான் பிள்ளையை இழுத்துக்கொண்டேன். சோப்பைக் காட்டினேன்.

அத்தைக்கு முகம் கறுத்தது. “சித்தி தொட்டா என்ன, ஒட்டிக்கிடுமா?”

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

ஜெயசித்ரா கடைசியாகச் சாமி பேரைச் சொன்னாள் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அப்போது பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான்.

அவள் பீடி இலையைத் தொட்டே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினாள்.

“நல்லா சோப்புப் போட்டுக் கழுவி விடுங்க. பிள்ளையத் தூக்கணும்.”