அதே பேர்

பல் மருத்துவமனையில் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு சிறுமிகள் எழுந்தார்கள். மகளோடு வந்திருந்த தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க பொண்ணுக்கும் அதே பேரா?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். சிறுமிகள் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

சற்று நேரத்தில் ஒருத்திதான் வெளியே வந்தாள். தையல்காரி தன் மகளுக்குத் தைத்த மஞ்சள் கவுன்தான் அவள் உடம்பில் இருந்தது. முகம் பக்கத்திலிருந்தவளின் மகளுடையது.

தையல்காரி நர்ஸிடம் ஓடினாள். "சிஸ்டர், என் பொண்ணு எங்க?"

"அந்தப் பேர்ல ஒருத்திதானேம்மா உள்ள வந்தா? இதோ நிக்கிறாளே!"

சிறுமி ஓடிவந்து தையல்காரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "வலிக்கவே இல்லம்மா. வீட்டுக்குப் போலாமா?"

தையல்காரி பதறிப்போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைத் தேடினாள். அந்தப் பெண் செருப்பைக்கூட மாட்டாமல், திரும்பியும் பார்க்காமல், தனியாகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.