பச்சை இழை

"பயமா இருந்தா உண்மைய மெதுவா சொல்லலாமாம்மா?" என்று மகள் சிறுமியாக இருந்தபோது கேட்டது, திருத்தணி நீதிமன்றச் சாட்சிக்கூண்டில் ஏறியதும் புஷ்பலதாவுக்கு நினைவு வருகிறது. வாசலில் டிவிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோயில் வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. மணல் லாரியை மறித்ததற்காகக் கொல்லப்பட்ட கஜபதியின் வாயைக் கட்டியிருந்த நீலத்துண்டு மேஜைமேல் இருக்கிறது. "இந்த மாதிரி துண்டு அம்மையார்குப்பத்துல ஆயிரம் பேரு நெய்றாங்களேம்மா?" என்று சிரிக்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல். குற்றம் சாட்டப்பட்டு எதிர்க்கூண்டில் நிற்கும் அவளுடைய அக்கா கணவன் நாகராஜன், வேண்டாமென்று லேசாகத் தலையசைக்கிறான். அவள் துண்டைக் கையில் வாங்கி, கரையை விரலால் தடவுகிறாள். நீலத்துக்கு நடுவே ஒற்றைப் பச்சை இழை ஓடுகிறது. "ஆங், ஆயிரம் பேரு நெய்வாங்க. இது நான் தப்பா நெய்ஞ்சதுங்க. பச்சை நூலு கலந்துடுச்சு, கடையில வேணான்னுட்டாங்க. நாகராஜன் பாவாதான் எடுத்துகினு போனாரு." "சத்தமா சொல்லும்மா" என்கிறார் நீதிபதி. கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி மறுபடி சொல்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குக் கூடம் காலியாகிறது. கஜபதியின் மனைவி சந்திரா உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவளுடைய தண்ணீர் பாட்டில் காலியாகக் கிடக்கிறது. போன வாய்தாவில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்த புஷ்பலதாவின் பக்கம் சந்திரா நகர்த்தி வைத்த அதே பாட்டில். புஷ்பலதா அதை எடுத்துப்போய்க் குழாயில் வழிய வழியப் பிடிக்கிறாள். முந்தானையால் ஈரம் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போகிறாள்.