நிறுத்துவதற்கு மட்டும்

தம்பி சின்னவன் தண்ணீரில் விழுந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

படகோட்டி மதகுக்காரரின் காலரைப் பிடித்துச் சுவரில் சாத்தினான். பின்மண்டை கான்கிரீட்டில் மோதியது. அந்தச் சத்தம் அவனுக்குப் போதவில்லை. இன்னொரு முறை சாத்தினான்.

“சாவியக் குடு.”

மதகுக்காரர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மதகுக்குச் சற்று மேலே, முறைக்காகப் படகைக் கட்டும்போதுதான் சின்னவனுக்குக் கால் தவறியது. ஆறு அந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் தடுப்பணை, மறுபக்கம் படகுகளை ஏற்றி இறக்கும் மதகு; இரு முனையிலும் இரட்டைக் கதவு போட்ட ஒரு நீளத் தொட்டி. தடுப்பணையில் தண்ணீர் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அதுதான் அவனை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கீழே ஒரு மணல்திட்டு இருக்கிறது. மரங்கள் இருக்கின்றன. சின்னவனுக்கு நீச்சல் தெரியும். ஏதாவது ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன்காரன் எங்கே போய்த் தொலைந்தான் என்று திட்டிக்கொண்டிருப்பான்.

கரை வழியாக ஓடிப் பார்த்தாயிற்று. முள்ளும் சேறும்தான். மணல்திட்டுக்குப் படகில்தான் போக முடியும். படகு இறங்க மதகு திறக்க வேண்டும்.

அதைத்தான் இந்த ஆள் திறக்க விடவில்லை.

இத்தனைக்கும் மதகைத் திறப்பது இப்போது இவர் வேலையே இல்லை. முன்பு சக்கரத்தைச் சுற்றித் திறந்தார். பிறகு பொத்தானை அழுத்தித் திறந்தார். இப்போது நகரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு பெண் திரையில் பார்த்துத் திறக்கிறாள். விளிம்பில் நிற்பவர்களை விரட்டுவது, கதவோரம் சேரும் குப்பையைக் கம்பால் தள்ளுவது என்று சில்லறை வேலைகளை இவருக்கு விட்டுவைத்திருந்தார்கள். கூடவே ஒரு சிவப்புப் பொத்தான். அது நிறுத்துவதற்கு மட்டும். அதை அழுத்திச் சாவியைக் கழற்றிவிட்டால் நகரத்திலிருந்தும் கதவை அசைக்க முடியாது.

படகுக்காரர்கள் அவருக்குப் பொம்மை என்று பெயர் வைத்திருந்தார்கள். “என்ன பொம்மை, மழை வந்தா உன்ன உள்ள எடுத்து வெச்சுக்குவாங்களா?” என்று சின்னவன் ஒவ்வொரு நடையும் கேட்பான். அவரும் சிரித்து வைப்பார்.

இன்று தொட்டியில் தண்ணீர் ஏறி, கதவு விரியப்போகும் மணி அடித்துவிட்டது. குப்பை தள்ளப் போனவர், கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அறைந்தார்.

கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி கேட்டது. “மூணாம் மதகு, என்ன சார் பழுது?”

“ஆள் அனுப்பும்மா.”

“என்னன்னு சொன்னாத்தானே சார் அனுப்ப முடியும்?”

“வந்து பாக்கட்டும். சீக்கிரம்.”

படகோட்டி முதலில் ‘அண்ணே’ என்றான். காலில் விழுந்தான். பிறகு ‘யோவ்’ என்றான். அதற்குப் பிறகு வாய் பேசவில்லை.

உதடு கிழிந்தது. ஒரு பல் தரையில் தெறித்தது. கிண்டல் செய்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, நேரம் பார்த்துக் கழுத்தை அறுக்கிறான் என்று படகோட்டிக்குத் தோன்றியது. தோன்றத் தோன்ற அடி பலமாக விழுந்தது.

முறைக்குக் காத்திருந்த மற்ற இரண்டு படகுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “விடுடா, செத்துகித்துத் தொலைக்கப்போறான்,” என்றார் ஒருவர். ஆனால் கிட்டே வரவில்லை.

மதகுக்காரர் ஒரு அடிகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு கையில் சாவி. இன்னொரு கையால் படகோட்டியின் இடுப்புப் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். படகோட்டி தண்ணீர்ப் பக்கம் நகர்ந்தபோதெல்லாம் உள்பக்கமாக இழுத்தார். தள்ளிவிடப் பார்க்கிறான் என்று நினைத்துப் படகோட்டி அந்த முழங்கையில் உதைத்தான். பிடி விட்டது. அவர் சரிந்தார்.

விழுந்தவரின் விலாவில் மிதித்தான். மணிக்கட்டின் மேல் ஏறி நின்று, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சுண்டுவிரல் பிரிய மறுத்தது. ஒடித்தான்.

அவர் கத்தியது ஆற்றின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சின்னவனைப் படகில் ஏற்றிக்கொண்டு, அவன் கையிலேயே போனைக் கொடுத்துப் பேசச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படகோட்டி சிவப்புப் பொத்தான் இருந்த பெட்டியில் சாவியைச் செருகினான். ரத்தத்தில் விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு திருப்பினான். பச்சை விளக்கு எரிந்தது.

“மூணாம் மதகு, சரியாயிடுச்சா சார்?” என்றது ஒலிபெருக்கி. “கதவத் திறக்கட்டுமா?”

“திற,” என்று படகோட்டி கத்தினான்.

“வேண்டாம்மா.” மதகுக்காரர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுப் படகோட்டியைப் பார்த்தார். “வலப்பக்கக் கதவு விரிஞ்சா சுவத்துல குடைஞ்ச மாடத்துக்குள்ளதான்பா போய் ஒட்டும். பன்னெண்டு டன்னு. தொட்டிக்குத் தண்ணி இழுத்தப்ப வந்து சிக்கியிருக்கான். சொன்னா நீயும் குதிச்சிருவ, உன்னையும் உள்ள இழுத்துரும். முங்கி எடுக்கிறவங்க வரட்டும்னுதான் வாயத் திறக்கல.”

ஒடிந்த விரலோடு கதவோரத்தைக் காட்டினார்.

“உன் தம்பி அந்த மாடத்துலதான் இருக்கான்.”